கடை உங்களுடையதுதான்

கியூமர்ஸ் தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் ஆயிரம் பொய் சொல்லியிருப்பார். வியாபாரிதானே. யஸ்து ஊர்க் கடைத்தெருவில் துணி விற்ற காலத்தில், போன வருடத்துச் சரக்கை நேற்று வந்தது என்றிருக்கிறார். நேற்று வந்ததைப் போன வருடத்து விலைக்கே தருகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட அவர் காலை வாரிவிட்டதில்லை. வாரிவிட்டது ஒரு மரியாதை வார்த்தை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. டொராண்டோவுக்கு வடக்கே யங் தெருவில், பல் டாக்டருக்கும் பாஸ்போர்ட் புகைப்படக்காரருக்கும் நடுவே அவர்களுடைய இனிப்புக் கடை. இப்படி 'அவர்களுடைய' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதில்தான் வம்பே வந்தது என்பதால் திருத்திக்கொள்ளலாம். கடை மஹ்லகாவுடையது. பதிவுப் பத்திரத்தில் நூற்றுக்கு நூறு பங்கும் அவள் பெயரில். தொழில் உரிமையாளர் விசாவும் அவள் பெயரில்தான். கியூமர்ஸ் அவள் கணவர் என்ற உரிமையில் தொற்றிக்கொண்டு வந்தவர். விசா முடிகிற நேரம்; நீட்டித்துத் தரும்படி விண்ணப்பம் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டில் ஓர் அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது அதற்காகத்தான். அட்டையை நீட்டினாள். குடிவரவு அதிகாரி, பெயர் பெல்டன்.

"இது உங்க கடையா?"

கியூமர்ஸ் மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். "உங்க கடைதாம்மா."

யஸ்தில் பிறந்தவன் வேறு என்ன சொல்வான்? வாசலேறி வந்தவரிடம் வீடு உங்களுடையது, கடை உங்களுடையது என்பார்கள். சாவியைக் கொடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பெல்டன் அம்மாளும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"இங்க பொறுப்பு யாரு?"

"நான் வெறும் வேலைக்காரன். எல்லாம் எங்க கானும்தான்."

கானும் என்றால் அவர்கள் பேச்சில் வீட்டம்மா. மாவுக் கையோடு உள்ளேயிருந்து கானும் வந்தாள். அவளிடமும் அதே கேள்வி. எதிரே அந்நிய மனுஷி, பக்கத்தில் கட்டின கணவர். 'நான்தான்' என்று எந்த வாயால் சொல்வது?

"இவர்தான் எல்லாம். நான் உள்ள ரெண்டு தட்டு சுட்டுப் போடறேன், அவ்வளவுதான்."

"இல்லம்மா, இவதான்."

"ஐயோ, அவர் அப்படித்தான் சொல்லுவாரு. இவர்தான்."

நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் போங்கள் என்று வாசற்படியில் இடித்துக்கொள்ளும் இரண்டு பேரைப் போல நின்றார்கள். அதிகாரி இருவர் முகத்தையும் பார்த்தாள், எழுதினாள். அடுப்பு மணி அடித்தது. மஹ்லகா உள்ளே ஓடினாள். அவள் போன இடைவெளியில் அதிகாரி தணிந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்டாள், கியூமர்ஸும் தணிந்த குரலில் நீளமாக ஒரு பதில் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது அரைக் கிலோ பக்லாவா கேட்டாள். கியூமர்ஸ் ஒரு கிலோ கட்டினார். பர்ஸைத் திறந்தாள்.

"காசா? உங்ககிட்டயா?"

"இல்ல, எவ்வளவுன்னு சொல்லுங்க."

"வேண்டாம்மா. நீங்க வந்ததே போதும்."

இந்த ஆட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கடைக்காரன் இரண்டு தரம் வேண்டாம் என்பான், வாங்குகிறவர் மூன்றாம் தரமும் நீட்டுவார், அப்போது தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிப் பெட்டியில் போடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. பெல்டன் அம்மாள் இரண்டாம் தரத்தோடு பர்ஸை மூடிவிட்டாள். அதிகாரிகள் இனாம் வாங்கக் கூடாது என்று சொல்லி, டப்பாவைக் கவுன்டர்மேலேயே வைத்துவிட்டுப் போனாள். கியூமர்ஸ் மூன்றாம் தரத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

கடையில் மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. ஃபரீபா, இஸ்ஃபஹான்காரி, கவுன்டர் வேலைக்கு இருப்பவள். குடியுரிமை வாங்கியவள். ஒரு கிராம் கூடப் போனால் பாதாம் ஒன்றைப் பாதியாக உடைத்து எடுப்பாள். அன்று அவளுக்குப் பல் வலி. பக்கத்துக் கடையில் வாயைத் திறந்து படுத்திருந்தாள்.

"நான் இருந்திருந்தா காசு வாங்கியிருப்பேன்" என்று அதன்பின் வாரத்துக்கு ஒரு முறையாவது சொன்னாள்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் இரண்டு. ஒன்று, விண்ணப்பதாரர்தான் இந்தத் தொழிலை நடத்துகிறார் என்பதில் திருப்தி இல்லை. இரண்டு, கடை வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குவதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மஹ்லகா தன் கடையில் பார்வையாளர். ஊரில் தங்கலாம், கடையைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது. கியூமர்ஸுக்கும் அதே சட்டம். அடுப்புக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டார்கள். மஹ்லகா தினமும் காலை பத்து மணிக்குக் கம்பளிக் கோட்டோடு கடைக்கு வருவாள், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு குத்தாப் வாங்குவாள். பாதாம் பூரணத்தை மாவில் பொதிந்து பொரித்துச் சர்க்கரைப் பொடியில் புரட்டினது. யஸ்துக்காரர்களின் உயிர் அதில்தான். ஒரு கடி கடித்து, கண்ணை மூடி மென்று, காற்றைப் பார்த்துச் சொல்வாள்:

"ஏலக்காய் கம்மி."

வாடிக்கையாளர் குறை சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

வழக்கைத் தன்னாஸிடம் கொடுத்தார்கள். ஷிராஸிலிருந்து பத்து வயதில் வந்தவள், சட்டம் படித்த காலத்திலிருந்து பிறந்தநாள் இனிப்பெல்லாம் இவர்கள் கடையில்தான். வக்கீலான பிறகும் இவர்களைச் சித்தப்பா, சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அந்தம்மா கேட்டப்போ 'எங்க கடை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வீட்டுக்கு வந்தவங்க மூஞ்சியப் பார்த்து என்னுதுன்னு சொல்றதா? எங்கப்பா குழியிலேர்ந்து எழுந்து வந்திருப்பாரு."

"வந்திருந்தா சாட்சியாவது சொல்லியிருப்பாரு." தன்னாஸ் காகிதத்தைப் புரட்டினாள். "நல்லாக் கேட்டுக்குங்க. இது மறுஆய்வு மனு. நீதிபதி விசா குடுக்க மாட்டாங்க. அந்த அதிகாரி எடுத்த முடிவு நியாயமா எடுத்ததா, இல்லையான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. நியாயமில்லன்னா வேற ஒரு அதிகாரி மறுபடி முதல்லேர்ந்து பார்க்கணும்."

"புரியுது. சரக்கைப் பார்க்க மாட்டாங்க, தராசை நேராப் பிடிச்சாங்களான்னு பார்ப்பாங்க."

"அதேதான்."

"அப்ப ஒரு அஞ்சு கிலோ எடுத்துக்கிட்டு வரலாம்னு இருந்தனே."

"ஒரு துண்டு கூட வேண்டாம். கோர்ட்ல புதுசா எதையும் ஏத்துக்க மாட்டாங்க. அன்னைக்கு அதிகாரி முன்னால என்ன இருந்துதோ அது மட்டும்தான்." கட்டிலிருந்து இரண்டு தாள்களை உருவி அவர் பக்கம் தள்ளினாள். "இது அந்தம்மா எழுதின குறிப்பு. கடைசிப் பாராவைப் படிங்க."

கியூமர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மஹ்லகா அடுப்பங்கரைக்குள் ஓடியிருந்த அந்த இடைவெளியில் தான் சொன்னதெல்லாம், முற்றுப்புள்ளி முதற்கொண்டு இருந்தது.

"இதைக் கோர்ட்ல படிச்சுத்தான் ஆகணுமா?"

"இதுதான் சித்தப்பா நம்ம கேஸே."

"கானும் வருவாளே."

"வரட்டுமே. நல்லதுதானே சொல்லியிருக்கீங்க."

"அதான் பிரச்சனை" என்றார் கியூமர்ஸ்.

இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் மனைவியைப் பாராட்டியதே இல்லை என்று சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் என் கண்ணே, என் தலைக்கு மேல் நிழலே என்பார். ஊரே அப்படித்தான் பேசும். தனியாக இருக்கும்போதோ, நான் சிரித்துப் பேசி விற்காவிட்டால் உன் இனிப்பை எறும்புதான் வாங்கும் என்பார். அவளும், நான் சுடாவிட்டால் உங்கள் சிரிப்பை டப்பாவில் கட்டி விற்பீர்களா என்பாள். கணக்கு நேராகிவிடும், தூங்கப் போவார்கள். அந்தத் தாளில் இருந்ததோ இரண்டு ரகத்திலும் சேராத பேச்சு.

அடுத்த ஜனவரியில் விசாரணை. இரண்டு நாள் முன்னதாகவே கியூமர்ஸ் ஆரம்பித்தார்.

"வெளிய பனி கொட்டுது. உனக்கு முட்டி வலி வேற. நான் போய்ட்டு வந்து எல்லாம் சொல்றேன்."

"என் முட்டியா?" மஹ்லகா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து எந்த முட்டின்னு கூடக் கேட்டதில்ல. எதை மறைக்கறீங்க?"

"ஒண்ணுமில்லயே."

"அப்ப வர்றேன்."

நீதிமன்ற அறை ஒரு நல்ல கடையின் அளவுகூட இல்லை. நீதிபதி வெள்ளை முடி அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அரசாங்கத்துக்காக ஒரு மெலிந்த இளைஞன், கறுப்பு அங்கியில். மனுதாரர் பேச வேண்டியதில்லை, வக்கீல்கள்தான் பேசுவார்கள். கியூமர்ஸுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பின் வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். "ஒவ்வொரு நாட்டோட உபசாரத்தையும் அதிகாரி தெரிஞ்சு வச்சிருக்க முடியாது, மாண்புமிகு நீதிபதி. யாரு நடத்தறதுன்னு கேட்டாங்க. மனுதாரரே 'என் கணவர்'னு சொன்னாங்க. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மனுதாரருடையது."

நீதிபதி தன்னாஸைப் பார்த்தார். "உங்க ஆளுங்க ஒரு விஷயத்தை ஆமான்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லுவாங்க?"

"இல்லன்னு ரெண்டு தரம், மாண்புமிகு நீதிபதி."

நீதிபதியின் வாய் ஓரம் அசைந்தது. தன்னாஸின் முறை வருவதற்குள் கால் மணி நேரம் இடைவேளை விட்டார்.

இங்கே கியூமர்ஸ் ஒரு காரியம் செய்தார். ஒரு துண்டுகூட வேண்டாம் என்று வக்கீல் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் கோட்டுப் பையில் ஒரு சிறிய டப்பா தானாக ஏறிவிட்டிருந்தது. வெளித் தாழ்வாரத்தில் அந்த மெலிந்த இளைஞன் தனியாக, பசித்த முகத்தோடு காகிதம் புரட்டிக்கொண்டிருந்தான். எதிர்க்கட்சிதான், அதற்காக ஒருவனைப் பசியோடு விடுவதா?

"ஒண்ணு எடுத்துக்குங்க தம்பி."

"நன்றி சார், வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு."

"இல்ல சார், நான் வாங்கக் கூடாது."

மூன்றாம் தரம் கியூமர்ஸ் டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தார். இளைஞன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு குத்தாப்பை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். தூரத்தில் தன்னாஸ் நெற்றியில் கை வைத்துச் சுவரோடு சாய்ந்தாள்.

மறுபடி உட்கார்ந்ததும் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க அங்கி மேல ஏதோ வெள்ளையா இருக்கே."

இளைஞன் குனிந்து பார்த்தான். கழுத்திலிருந்து இடுப்புவரை சர்க்கரைப் பொடி. காது சிவந்தது. "அது... பதிவில் இல்லாத விஷயம், மாண்புமிகு நீதிபதி."

"சரி. இந்த நீதிமன்றம் புதுச் சாட்சியத்தை ஏத்துக்கறதில்ல. தட்டிவிடுங்க." கொஞ்சம் பொறுத்து, "வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தன்னாஸ் எழுந்தாள். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கிற பெண் இல்லை இது. கியூமர்ஸுக்கு அடையாளமே தெரியவில்லை.

"எங்க ஊர் வழக்கம் அதிகாரிக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நான் கேட்கல. அவங்க கையால எழுதினதை அவங்களே படிச்சிருக்கணும்னுதான் கேட்கறேன். ஒரே கவுன்டர், ஒரே நிமிஷம். மனைவி, 'இவர்தான் எல்லாம்'னாங்க. கணவர், 'இவதான் எல்லாம்'னாரு. மனைவி சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. கணவர் சொன்னதை விட்டுட்டாங்க. ஏன்னு ஒரு வரி கிடையாது. பணிவை நம்பறதா இருந்தா ரெண்டு பேரோடதையும் நம்பணும். தள்ளறதா இருந்தா ரெண்டையும் தள்ளணும். தள்ளிட்டா மிச்சம் இருக்கறது பதிவுப் பத்திரம். அதுல ஒரே ஒரு பேருதான் இருக்கு. சந்தேகம் வந்தா மனுதாரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதுவும் செய்யல."

இந்தப் பெண் கடைத்தெருவில் துணி விற்றிருந்தால் நான் அன்றே கடையை மூடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார் கியூமர்ஸ்.

"அது மட்டுமில்ல. மனுதாரர் உள்ள போனப்புறம் கணவர் தனியாச் சொன்னதையும் அதிகாரி எழுதியிருக்காங்க. படிக்கறேன்."

கியூமர்ஸ் கால்களுக்கு நடுவே தரையைப் பார்த்தார். தன்னாஸ் படித்தாள்.

"'கணவர் சொன்னது: ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் என் துணி வியாபாரம் மூழ்கியது. ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். இவள் தன் வளையலை விற்றுப் பாதாமும் சர்க்கரையும் வாங்கி அடுப்பைப் பற்றவைத்தாள். மாவை யாரிடம் வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது, எதை எந்த விலைக்கு விற்பது, எல்லாம் அவள் முடிவு. வருகிறவர்களைச் சிரிக்கவைப்பது மட்டும் என் வேலை. அவள் இல்லாவிட்டால் இந்தக் கடை நாலு சுவர், நான் ஐந்தாவது சுவர். இதை மனுதாரரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.'"



"அந்தக் கடைசி வேண்டுகோளை இந்த நீதிமன்றத்தால இனிமே காப்பாத்த முடியாதுன்னு நினைக்கறேன்" என்றார் நீதிபதி. பின் வரிசையைப் பார்த்துவிட்டு, ஏதோ குறித்துக்கொண்டார். தீர்ப்பு பிறகு எழுத்தில் வரும் என்று சொல்லி எழுந்தார்.

மஹ்லகாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது என்பது கியூமர்ஸ் வெகுகாலமாக நம்பிவந்த ஒன்று. அவள் நேராகப் பார்த்தபடி தன் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் போட்டபோதுதான் அந்த நம்பிக்கை போயிற்று.

திரும்பும் ரயிலில் நாலு நிலையம் தாண்டியிருந்தது.

"ஐந்தாவது சுவராமே" என்றாள்.

"அது... அதிகாரிகிட்ட மரியாதைக்குச் சொன்னது. தெரியாதா உனக்கு? சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"மரியாதைக்குச் சொல்றவரு மூணு தரம் சொல்லுவாரு." அவள் கையுறையைக் கழற்றினாள். "நீங்க ஒரே தரம்தான் சொல்லியிருக்கீங்க. அதுவும் மெதுவா."

கியூமர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது சுரங்கப் பாதை, வெளியே பார்க்க இருட்டைத் தவிர எதுவும் இல்லை. அதையே அக்கறையாகப் பார்த்தார். அவள் கை வந்து, அவர் கை விட்டிருந்த கோட்டுப் பைக்குள் நுழைந்தது. டப்பாவைத் தேடுகிறாள் என்று முதலில் நினைத்தார். டப்பாவை ஒதுக்கிவிட்டு அவர் விரலைத்தான் பிடித்தது.

"ஆனா அந்தப் பையனுக்கு ஏலக்காய் கம்மியா இருந்த டப்பாவைக் குடுத்திருக்கீங்க" என்றாள். "நம்ம மானம் போச்சு."

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அதிகாரியின் முடிவு ரத்து. வேறொரு அதிகாரி புதிதாகப் பார்க்க வேண்டும். தன்னாஸ் போனில் சொன்னதும் கியூமர்ஸ் நடனமாடப் போனார். அவள் தடுத்தாள்.

"இன்னும் விசா வரல சித்தப்பா. தராசு கோணல்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. மறுபடி ஒருத்தர் நிறுக்க வருவாரு. இந்தத் தரமும் உங்க கடைதான்னு நீங்க ஆரம்பிச்சா, நான் வக்கீல் தொழிலை விட்டுட்டு வந்து உங்க கடையில தட்டு கழுவறேன். அப்புறம் அந்தக் கடையும் இருக்காது."

ஒத்திகை நடந்தது. தன்னாஸ் அதிகாரியாக நின்றாள்.

"இது யாரோட கடை?"

மஹ்லகா வாயைத் திறந்தாள், மூடினாள். "நம்ம..."

"நம்ம இல்ல சித்தி."

"கடவுளோட..."

"கடவுளுக்கு விசா வேண்டாம். உங்களுக்குத்தான் வேணும். சொல்லுங்க."

"என்..." முகம் சிவந்து, கல்யாணப் பெண்ணைப் போலத் தரையைப் பார்த்தாள். ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடியிடமும் தேநீர்க் கெண்டியிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினாள். கியூமர்ஸுக்கு வேறு பாடம்: எதுவும் பேசாமல் இருப்பது. அவர் தேறுவார் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை.

புதிய அதிகாரி மே மாதத்தில் வந்தார், தாடி வைத்த நடுவயது ஆள். கடைக்குள் வந்தவர் கவுன்டருக்குப் பின்னால் ஃபரீபாவையும், ஜன்னலோரம் கோட்டோடு உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாரோட கடை?"

கியூமர்ஸின் கை பழக்கத்தில் மார்புக்குப் போயிற்று. மஹ்லகா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்காமலே எழுந்து நின்றாள்.

"என்னுது" என்றாள்.

இரண்டாம் தரம் யாரும் கேட்கவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான் என்று அவளே தொடர்ந்தாள். "மாவு எங்க வாங்கறதுன்னு நான்தான் சொல்லுவேன். ஃபரீபாவை வேலைக்கு வச்சது நான். விலை போடறது நான். இப்ப அடுப்பைத் தொடக் கூடாதுன்னு உங்க சட்டம் சொல்லுது, அதனால தொடறதில்ல. ஒரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்து வேற ஒருத்தர் சுடறதைத் தின்னுக்கிட்டிருக்கேன்."

"இவரு?"

"என் வீட்டுக்காரர்."

"இவரு என்ன செய்வாரு?"

மஹ்லகா யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது என்று தன்னாஸ் சொல்லியிருந்தாள். "பேசுவாரு" என்றாள். "அதுக்காகத்தான் பாதிப் பேர் வர்றாங்க."

அதிகாரி கியூமர்ஸைப் பார்த்தார். கியூமர்ஸ் வாழ்நாளில் முதல் தடவையாக வெறுமனே தலையை ஆட்டினார்.

போகும்போது அதிகாரி அரைக் கிலோ குத்தாப் கேட்டார். ஃபரீபா நிறுத்தாள், கட்டினாள், விலை சொன்னாள். அவர் அட்டையை இயந்திரத்தில் தட்டினார், அது கீச்சென்றது. கடைக்கு வந்த விருந்தாளி முழுக் காசு கொடுத்துவிட்டுப் போவதைக் கியூமர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தாங்கினார்.

கதவு சாத்தியதும் ஃபரீபா கவுன்டரைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரே இடத்தையே துடைத்தாள்.

"ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது" என்றாள். "டப்பா அடியில எட்டு குத்தாப் கூட வச்சுட்டேன்."

"நீயா?" என்றார்கள் இருவரும்.

"உங்க ரெண்டு பேரையும் அப்படி வாயைக் கட்டிப்போட்டு உட்கார வச்சுப் பார்க்க எனக்கு மனசு தாங்கல. யாராவது ஒருத்தராவது உபசாரம் பண்ண வேண்டாமா?"

அதன்பின் மூன்று வாரம் கியூமர்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் எடை பார்ப்பார், எழுதுவார்: இந்தக் கடைக்கு நிறுக்கத் தெரியவில்லை, நஷ்டத்தில் ஓடும் கடை. ஒரு பாதாமைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்த பெண்ணை இப்படிக் கெடுத்தது யார்? நான்தான். தன்னாஸுக்கு நாளைக்கு இரண்டு தரம் போன் செய்தார். எட்டு குத்தாப்புக்காக உலகத்தில் யாரையும் நாடு கடத்தினதில்லை என்று அவளும் நாளைக்கு இரண்டு தரம் சொன்னாள்.

ஜூன் மாதம் கடிதம் வந்தது. மஹ்லகா கையில் வாங்காமல் அவரையே படிக்கச் சொன்னாள். கியூமர்ஸ் நின்றுகொண்டே படித்தார்.

"தொழில் உரிமையாளர்: மஹ்லகா. ஒப்புதல். அப்புறம்..." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "கியூமர்ஸ், உரிமையாளரைச் சார்ந்திருப்பவர். அரசாங்கமே எழுதிக் குடுத்திருச்சு, பாரு. நான் உன்னைச் சார்ந்தவனாம்."

"இதுக்கு அரசாங்கம் வேணுமா?"

"முத்திரை கூட இருக்கு."

"காட்டுங்க." வாங்கிப் பார்த்தாள். முத்திரையின் மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு கம்பளிக் கோட்டைக் கழற்றி அந்த ஜன்னலோர நாற்காலியின் முதுகில் போட்டாள். ஜூன் மாதத்தில் எதற்குக் கோட்டு என்று ஒரு வருடமாக யாரும் அவளைக் கேட்டதில்லை. பார்வையாளர்தானே, எப்போது வேண்டுமானாலும் கிளம்புகிறவர்.

கவுன்டரின் ஓரத்தில் உள்ளே போவதற்கான பலகை ஒன்று உண்டு, கீல் வைத்தது. பதினான்கு மாதமாக அவள் அதைத் தொட்டதில்லை. கியூமர்ஸ் முந்திக்கொண்டு ஓடி அதைத் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையை மார்பில் வைத்துத் தலை குனிந்தார்.

"வாங்க கானும்" என்றார். "கடை உங்களுடையதுதான்."

"தெரியும்" என்றாள் மஹ்லகா. ஐயோ, அதெல்லாம் இல்லை, உங்களுடையதுதான் என்று பதிலுக்குச் சொல்லவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து உள்ளே போனவள், அடுப்பங்கரை வாசலில் நின்று ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ஏலக்காய் டப்பாவை எங்க வச்சுத் தொலைச்சீங்க?"